கண் தேர்வில் நூற்றுக்கு நூறு

நெதர்லாந்திலிருந்து எட்டுப் பேர் விமானம் ஏறி வந்து, ஒரகடம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதிக்கப் போகிறார்கள் என்ற கடிதம் தலைமையாசிரியர் ஜீவானந்தத்தின் மேஜைக்கு வந்தது. இரண்டு பக்கக் கடிதம். தொண்டு, அன்பு, எல்லை கடந்த மனிதம் என்றெல்லாம் அதில் நிறைய இருந்தது. ஜீவானந்தத்தின் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல்தான். டெஸ்ட்.

முப்பத்தோரு வருட சர்வீஸில், டெஸ்ட் என்று வந்த எதிலும் தன் பிள்ளைகளைத் தோற்கவிட்டவர் இல்லை அவர். ஐ டெஸ்ட் என்றால் கண் தேர்வு. தேர்வு என்றால் தேர்ச்சி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பள்ளியின் பெயர் வேண்டாம். வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும் ஆரம்பப் பள்ளி என்றால் போதும். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். மீதிப் பேர் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள். கழிப்பறை உண்டு, கதவு கிடையாது. பெண்பிள்ளைகள் காலையில் அடக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் விடுவார்கள்.

முகாமை நடத்துவது ஒரு கம்பெனியின் ஒளிவிழி அறக்கட்டளை. அதன் மேலாளர் நடேசன் இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். உதிரிபாகங்களைப் பார்த்துக் களைத்துப்போய்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பியவர். கடிதத்தின் அடியில் ‘இலக்கு: ஜீரோ டிஃபெக்ட்’ என்று பேனாவால் எழுதியிருந்தார். ஒரு பிள்ளைக்குக்கூடக் கண் குறைபாடு இல்லாத பள்ளிக்குப் புதிய கழிப்பறை கட்டித் தரப்படும் என்றும் எழுதியிருந்தார். கண் கெட்ட பிள்ளை இருக்கும் பள்ளிக்கு அல்லவா ஐயா ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

கடிதத்தோடு ஒரு அட்டையும் வந்திருந்தது. முன்கூட்டியே மாட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே பெரிதாக ‘ட’. அதற்குக் கீழே ‘ப ம’. பிறகு ‘ய ர க’. அப்புறம் ‘ல வ ந ச’. கடைசி வரியில் எறும்பு அளவுக்கு ‘த ழ ப ட ம’. வினாத்தாளையே ஒரு வாரம் முன்னால் அனுப்பிவிட்டார்களே என்று ஜீவானந்தம் நெகிழ்ந்துபோனார். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று உதவி ஆசிரியையிடமும் சொன்னார்.

மறுநாள் காலை வழிபாட்டிலேயே பயிற்சி ஆரம்பமானது. “ட! பம! யரக! லவநச! தழபடம!” நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் கைகட்டி நின்று முழங்கினார்கள். மூன்றாம் நாள் அதற்கு ஒரு ராகம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள், தழபடம் என்பது ஏதோ ஒரு சாமி என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம்பினார்கள். ஒருத்தி சோறு தின்னும் முன் கும்பிட்டுக்கொண்டு அதைச் சொல்வதைச் சத்துணவு சமைக்கும் கனகம் பார்த்திருக்கிறாள்.

முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தவள் நாலாம் வகுப்பு சுகப்பிரியா. எதையும் ஒரு தடவை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். வகுப்பில் அவள்தான் முதல் ரேங்க். அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது என்பது அவளுடைய அம்மா இசக்கிசெல்வியைத் தவிர யாருக்கும் தெரியாது. கண் கைவிட்ட பிள்ளை, காதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நாலு நாள் முகம் காட்டுவான். இவளுக்குக் கம்பெனியில் கார் விளக்கு மூடிகளில் கீறல் பார்க்கும் வேலை. நல்லதாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், அது சரிசெய்யப் போகும். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு மூடி பார்க்கிறவளுக்குத் தன் மகள் டம்ளரைத் தடவி எடுப்பது தெரியாமல் போகுமா?

ஒரகடம் கூட்டுரோட்டில் உள்ள கண்ணாடிக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனாள். கடைக்காரர் மெஷினில் நாலு முறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இன்னாக்கா இது, மிஷின்ல நம்பரே நிக்க மாட்டேங்குது. இது நம்மளால ஆவாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. பாப்பாக்கு வயசு ஒம்போதா? சீக்கிரம் காட்டு. பத்து தாண்டிச்சுன்னா கண்ணு இப்டியே பழகிப்பூடும். அப்பால இன்னா கண்ணாடி போட்டாலும் ஏறாது.”

சுகப்பிரியாவுக்குப் பத்து முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. சென்னைக்குப் போய்வர இசக்கிசெல்வி இரண்டு நாள் லீவு கேட்டாள். லைன் சூப்பர்வைசர் மகாராஜாவும் தெற்கத்தி ஆள்தான். அதனால் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்.

“ஏ தாயி, ஆடிட்டு நேரத்துல ரெண்டு நாளு லீவு கேட்டா நான் என்ன செய்ய? சொல்லாம கொள்ளாம நின்னுட்டேன்னா, வெளிய நூறு பிள்ளைய வேலைக்கு நிக்கி, உள்ள விட மாட்டாவ. நம்ம கம்பெனியே ஸ்கூலுக்கு வெளிநாட்டு டாக்டரக் கூட்டியாருதாம்லா. அங்க ஒரு சீட்டு எழுதித் தருவாவ. அத மட்டும் கொண்டா. நானே எச்.ஆர்ட்ட நின்னு லீவு வாங்கித் தாரேன்.”

ஆகவே இசக்கிசெல்விக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

முகாமன்று இரண்டு மணி நேரப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பந்தலில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு விருந்தினர்களும் ஒரே மாதிரி மஞ்சள் டீசர்ட் போட்டு, அதன்மேல் பொன்னாடை போர்த்தி, வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். ஜீவானந்தம் ஒவ்வொருவரையும் டாக்டர் என்று அழைத்து மாலை போட்டார். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது மாலை விழுந்ததும் விட்டுவிட்டார். ஒருவர் பூக்கடை வைத்திருந்தார். ஹன்னா என்ற இருபது வயதுப் பெண் சுற்றுலா மேலாண்மை படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொண்டுக்குக் கல்லூரியில் மார்க் உண்டாம். கண்ணைப் பற்றிப் படித்தவர் என்று எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை.

“பொம்பளப் புள்ளைய இன்னாத்துக்கு அண்ணா அண்ணான்னு கூப்புட்றாங்க?” என்று கனகம் அடுப்படியிலிருந்து விசாரித்தாள்.

நடேசன் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு கார் விளக்குல சின்னக் கீறல் இருந்தாக்கூட கஸ்டமர் ஏத்துக்க மாட்டான். அதே அக்கறையோடதான் நாங்க குழந்தைங்களையும் பாக்குறோம். போன வருஷம் ஒரு குழந்தைக்கு மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டோம். இந்த வருஷம் நாப்பது செகண்ட்! எப்படி? ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணால படிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தோம். யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு கண்ணும் ஒரே குழந்தைக்குத்தானே சொந்தம்? அந்த ஸ்டெப்பையே தூக்கிட்டேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தபால்காரரும் தட்டினார்.

பிள்ளைகள் வரிசையாக நகர்ந்தார்கள். நாற்காலியில் உட்காரவேண்டும், தூரத்துத் தூணில் மாட்டிய அட்டையைப் படிக்கவேண்டும், எழுந்து போனால் அறக்கட்டளை ஊழியை பூஜா நெஞ்சில் பச்சையோ சிவப்போ ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சிவப்புக்குத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு. ஹன்னாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் கையில் இருந்த தாளில் அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் ஏதாவது ஒரு வரியைக் குச்சியால் காட்டுவதற்குள் பிள்ளைகள் ஐந்து வரியையும் ராகத்தோடு முடித்துவிட்டு எழுந்தார்கள். ‘ழ’ வரும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டே டிக் போட்டாள். ஒரு பிள்ளைக்கு நாற்பது வினாடி என்பது பதினொன்றாகக் குறைந்தது. நடேசன் ஸ்டாப்வாட்சில் தெரிந்த அந்த எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாகச் சுகப்பிரியாவின் முறை வந்தபோது, ஹன்னாவுக்கு வியர்க்கிறது என்று யாரோ பெரிய ஸ்டாண்டு ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்கள். அந்தக் காற்றில் தூணில் இருந்த அட்டை படபடத்துத் திரும்பிக்கொண்டது. இப்போது தெரிந்தது அதன் முதுகு. வெறும் வெள்ளை.

சுகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெள்ளை அட்டையைப் பார்த்தாள். “ட! பம! யரக! லவநச! தழபடம!” பிசிறில்லாமல் சொல்லி முடித்துவிட்டு எழுந்தாள்.

தாளிலிருந்து நிமிர்ந்த ஹன்னா அட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நடேசனும் பார்த்துவிட்டார். அப்பாடா, சாமி கண்ணைத் திறந்துவிட்டது, இனி யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தாள் இசக்கிசெல்வி.

“சார்ட்டே இல்லாம படிச்சிருக்காளே!” என்று கத்தினார் நடேசன். “ஹெட்மாஸ்டர் சார், என்ன குழந்தை சார் இது!”

“எங்க பிள்ளைங்களுக்கு அட்டைல்லாம் தேவைப்படாதுங்க சார்,” என்றார் ஜீவானந்தம் அடக்கமாக.

இசக்கிசெல்வி முண்டியடித்து முன்னால் வந்தாள். “ஐயா, அவளுக்குக் கண்ணு தெரியமாட்டுக்குய்யா! வெறும் அட்டையப் பாத்து ஒப்பிச்சிருக்கா!”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்,” என்றார் நடேசன். “வெரி குட்.”

பூஜா பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். இசக்கிசெல்வி அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைப் பேசினாள்.

“எங்க லைன்ல தப்பாப் பச்சை ஒட்டிட்டா உரிச்சிட்டுச் சிவப்பு ஒட்டுவோம்மா. ஒரு நிமிசத்து வேல.”

“அது பார்ட்டுக்குக்கா,” என்றாள் பூஜா. கெட்ட பெண் இல்லை. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. “பார்ட்டுன்னா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான், அதனால சிஸ்டத்துல ரிட்டர்ன்னு ஒரு பட்டன் வச்சிருக்காங்க. குழந்தைய யாரு திருப்பி அனுப்பப் போறாங்க? அதுக்குப் பட்டனே கிடையாதுக்கா.”

ஜீவானந்தம் அவளைப் புங்கமரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்தா பாரும்மா. நூத்திப் பதினோரு பச்சை வந்தாச்சு. பென்னலூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ரெண்டு சிவப்பு வந்து எல்லாம் போச்சாம். உம் பொண்ணு ஒண்ணுதான் இப்ப. கழிப்பறைக்கு நான் எழுதாத ஆபீஸ் இல்ல. அதும் அடக்கிக்கினுதானே வூட்டுக்கு வருது? நீயே சொல்லு.”

போன மாதம்தான் இசக்கிசெல்வியின் மகள் நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் துடித்தாள். கண்ணா கழிப்பறையா என்று ஒரு தாயைக் கேட்கும் நிலைமையை உண்டாக்கியவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும். “இன்னொரு மட்டம் மட்டும் பாக்கச் சொல்லுங்கய்யா,” என்றாள் இசக்கிசெல்வி.

அழுகிற தாயை வெளிநாட்டார் முன் விரட்டுவது அழகல்ல என்பதால் நடேசன் மறுபரிசோதனைக்கு அனுமதித்தார். இசக்கிசெல்வி மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“ஏட்டி, அட்டையப் பாரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். கேட்டியா?”

“தெரியலன்னு சொன்னா பெயிலாயிருவேனேம்மா.”

“ஆனா ஆகட்டும்ட்டி. அம்மாவுக்காவ ஒரே ஒரு மட்டம் பெயிலாவு.”

சுகப்பிரியா பயந்துபோய்த் தலையாட்டினாள். அட்டையை நேராக மாட்டினார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் நூற்றுப் பதினோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஹன்னா குச்சியை உயர்த்தினாள். சுகப்பிரியா வாயைத் திறந்து, “தெ...” என்றாள்.

ஜீவானந்தம் தொண்டையைச் செருமினார். வேறொன்றும் செய்யவில்லை. காலை வழிபாட்டில் தினமும் அவர் அப்படிச் செருமித்தான் ஆரம்பித்துவைப்பார்.

“ட! பம! யரக!” என்று நூற்றுப் பதினோரு குரல்கள் எழும்பின. தலைவி சும்மா இருக்க முடியுமா? மூன்றாவது வரியில் அவளும் சேர்ந்துகொண்டாள். தழபடத்துக்கு வரும்போது அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஹன்னா கண்கலங்கிக் கைதட்டினாள். இரண்டாவது பச்சை ஸ்டிக்கர் முதலாவதன் பக்கத்திலேயே ஒட்டப்பட்டது.

அடுத்த நாள் இசக்கிசெல்வி சீட்டில்லாமல் போய் மகாராஜாவின் முன்னால் நின்றாள். விஷயம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கம்பெனி வாட்ஸ்அப்பில், இரண்டு பச்சை ஸ்டிக்கரோடு சுகப்பிரியாவின் படம்.

“ஒன் மவதானா இது? எட்டூருக்குச் சொல்லலாம் தாயி. இந்தப் பிள்ளைக்குக் கண்ணு காட்ட லீவு வேணும்னு நான் எப்படி எழுத? கம்பெனி டெஸ்டயே நம்ப மாட்டியான்னு என்னத் திருப்பிக் கேப்பாவ.” பிறகு உண்மையாகவே வருத்தப்பட்டு, “ஒண்ணு செய்யி. ஆடிட்டு முடியட்டும். தைக்குப் பொறவு பாப்போம்,” என்றார்.

தைக்குப் பிறகு பத்து முடிந்திருக்கும்.

நூற்றுக்கு நூறு வந்த பள்ளி என்பதால் நிறைவு விழாவையும் அங்கேயே வைத்தார்கள். இன்னொரு சிக்கலும் எழுந்திருந்தது. நெதர்லாந்தில் முதியவர்கள் அன்போடு கொடுத்த பழைய மூக்குக்கண்ணாடிகள் நாற்பது, பெட்டியில் வந்திருந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு நிற்கும் இந்தியப் பிள்ளைகளின் படம் அந்த முதியவர்களுக்குப் போயாகவேண்டும். முகாம் நடந்த பதினான்கு பள்ளிகளில் கண் குறைந்த பிள்ளைகள் என்று கணக்கில் தேறியது ஐந்து பேர். நடேசன் இரண்டு நிமிடம் யோசித்தார். மீதி முப்பத்தைந்தையும் இந்தப் பள்ளியில் உயரமான பிள்ளைகளாகப் பார்த்து மாட்டிவிடச் சொன்னார்.

நல்ல கண்ணோடு வந்த முப்பத்தைந்து பிள்ளைகள் படியில் தடுக்கினார்கள். ஒருவன் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தான். உயரக் குறைவால் சுகப்பிரியாவுக்குக் கண்ணாடி இல்லை. சிறந்த பார்வைக்கான முதல் பரிசாக அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஹன்னா அவளைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு படம் எடுத்தார்கள்.

பிறகு ஹன்னா பேசினாள். பூஜா மொழிபெயர்த்தாள். “குடுக்கலாம்னு வந்தாங்களாம். ஆனா அவங்களுக்குத்தான் நிறைய கிடைச்சுதாம்.” மேடையில் பேசப்பட்டவற்றில் முழு உண்மை இது ஒன்றுதான்.

வேன் கிளம்பும் நேரத்தில் இசக்கிசெல்வி ஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்திருந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டினாள். “மேடம். மை பேபி, நோ ஓகே. ஐ, நோ ஓகே. ப்ளீஸ் ரெட் ஸ்டிக்கர்.”

ஹன்னாவின் சிரிப்பு நின்றது. மகளைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். வெள்ளை அட்டை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். நடேசனிடம் ஏதோ கேட்டாள். நடேசன் இதமாக ஏதோ பதில் சொன்னார்.

“சந்தோஷத்துல அழுறீங்கன்னு சார் சொல்றாருக்கா,” என்று பூஜா கூசிப்போய்ச் சொன்னாள்.

ஹன்னா நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் விமானம் இரவுக்கு. வேன் ஹாரன் அடித்தது. அவள் இசக்கிசெல்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், ஏறிப் போய்விட்டாள். நல்ல பெண். அவளைத் திட்டவும் வழியில்லாமல் போனதுதான் இசக்கிசெல்விக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது. கனகம் வந்து பக்கத்தில் நின்றாள். “அயுவாதம்மே. இன்னா பண்றது, அல்லாம் முட்சிட்டுப் போய்ட்டானுங்க,” என்றாள்.

பிள்ளைகள் எல்லாரும் ரோட்டோரம் நின்று கையசைத்தார்கள். வேன் இடதுபுறம் திரும்பிப் போனது. வலதுபுறமிருந்து வந்த ஷிப்டு பஸ்ஸைப் பார்த்துச் சுகப்பிரியா கையசைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தில் யாரோ திருப்பிக் கையசைத்தார்கள்.

கேடயத்தை இடுக்கிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தாள். ‘நான் கண்ட வெளிநாட்டு விருந்தினர்’ என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார் ஜீவானந்தம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

“எம்மா, வெள்ளக்காரங்க வெள்ளக்காரங்கன்னு சொல்லுதாவள்லா. நெசமாவே வெள்ளையாவா இருந்தாவ?”

இசக்கிசெல்வி நின்றுவிட்டாள். அந்த ஹன்னா இவளைத் தோளோடு அணைத்து நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஆமாட்டி. வெள்ளையா இருந்தாவ.”

“முடி?”

“மஞ்ச.”

“கண்ணு?”

“நீலம்.”

“வெள்ள, மஞ்ச, நீலம்,” என்றாள் சுகப்பிரியா. கல் தடுக்காமல் அம்மா இழுத்த பக்கம் நடந்துகொண்டே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். “வெள்ள, மஞ்ச, நீலம்.” மூன்றாவது முறைக்கு அதற்கு ஒரு ராகம் வந்துவிட்டது. கட்டுரையில் நாளைக்கு இவளுக்குத்தான் முதல் மார்க் என்று இசக்கிசெல்விக்குத் தெரிந்தது. மகளின் கையை விட்டுவிட்டு, ரோடு என்றும் பாராமல் அங்கேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

“ஏம்மா நின்னுட்ட?” என்று அவள் தலைக்கு மேலே, ஆள் நின்றிருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக் கேட்டாள் மகள்.